இருவர் நடந்த வழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் தாம்பரத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தாம்பரம் வழிகளின் ஊர். 1931ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்திலிருந்து இவ்வூர்வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் வண்டிகள் நகரை விட்டு நீங்கும் வாயிலாக இவ்வூர் விளங்குகின்றது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரவுகளில் ஜி.எஸ்.டி. சாலையில் பெட்டிகளோடும் பைகளோடும் கைக்குழந்தைகளோடும் காத்து நிற்கும் கூட்டத்தை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பெற்ற பின்னர் அக்கூட்டம் சற்றே தெற்கு நோக்கி நகர்ந்துள்ளது, அவ்வளவே. இரவு ஏறி அமர்ந்து கண்ணயர்ந்தால் விடியலில் மதுரை. இடையிலுள்ள ஊர்கள் இருளில் கடந்து போகின்றன. விராலிமலையும் துவரங்குறிச்சியும் மேலூரும் உறங்குவோர்க்கு வெறும் பெயர்ப்பலகைகள்.

அதே மதுரைக்கு வேறொரு நகரத்திலிருந்து கால்நடையாகவே சென்ற கணவனும் மனைவியும் தமிழ்க் காப்பியம் ஒன்றில் வாழ்கின்றனர். கோவலனும் கண்ணகியும் மேற்கொண்ட அந்நெடும்பயணமே இவ்வுரையின் பொருள். சிலம்பைப் பற்றிப் பேசுவோர் புகாரைப் பேசுவர். மதுரை வழக்குமன்றத்தைப் பேசுவர். வஞ்சியில் எழுந்த கோட்டத்தைப் பேசுவர். இடையிலுள்ள வழியைப் பேசுவோர் சிலரே. காப்பியத்தின் முப்பது பகுதிகளுள் நாடுகாண் காதை, காடுகாண் காதை, வேட்டுவ வரி, புறஞ்சேரி இறுத்த காதை என நான்கினை இளங்கோவடிகள் வழிப்பயணத்திற்கென ஒதுக்கியுள்ளார். இவை நாட்டு வருணனைக்காக அமைந்தவை என்றும், கதையோட்டத்தைத் தடைசெய்பவை என்றும் கூறுவாருளர். அக்கருத்து பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

உடன்போக்கும் இப்பயணமும்

ஆணும் பெண்ணும் இணைந்து ஆளரவமற்ற நிலத்தைக் கடந்து செல்வது தமிழ்க் கவிதைக்குப் புதியதன்று. உடன்போக்கு என ஒரு துறையே அகப்பாடலில் உண்டு. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறு பாடல்களும் பாலைத்திணைக்கு உரியன. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலை நூற்றில், உடன்போக்கின்போது இடைச்சுரத்தில் நிகழ்வனவற்றுக்கென ஒரு பத்து தனியே வகுக்கப்பட்டுள்ளது. காதலனோடு சுரத்தைக் கடக்கும் மகளும், அவளைத் தேடித் தவிக்கும் செவிலியும், எதிர்ப்பட்டோர் கூறும் மொழிகளும் சங்கப் புலவர்களை மீண்டும் மீண்டும் ஈர்த்துள்ளன.

பிற நாடுகளிலும் இவ்வேட்கை உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பல நூறு கிலோமீட்டருக்கு ஊரே காணாத செம்மண் வெளி பரந்து கிடக்கின்றது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஊர்தியில் கூடாரத்தையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு, திங்கள் கணக்கில் அவ்வெளியில் சுற்றி வருவது அங்கே பெருவழக்கு. தங்குமிடம் தேடுதல், அடுப்பு மூட்டுதல், எஞ்சிய நீரை அளந்து செலவிடுதல் ஆகியவற்றால் நாள்கள் நிரம்புகின்றன. வீட்டில் அறைக்கு ஒருவராய் வாழ்ந்த இருவரை வெட்டவெளி மீண்டும் ஒருவரையொருவர் சார்ந்திருக்கச் செய்கின்றது.

கோவலன் கண்ணகி பயணம் இவ்விரண்டிலும் அடங்காதது. அவர்கள் மணந்து பல்லாண்டு ஆனவர்கள். ஆகவே இது உடன்போக்கு அன்று. பொருளனைத்தையும் இழந்து, எஞ்சிய சிலம்பை முதலாகக் கொண்டு வாணிகம் தொடங்கப் புறப்பட்டவர்கள். ஆகவே இன்பச் செலவும் அன்று. ஆயினும் உடன்போக்கில் இளையோர் அடையும் ஒன்றை இவர்கள் காலந்தாழ்ந்து அடைகின்றனர் என்பது காப்பியத்தைக் கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

புறப்பாடு

மணநாளில் கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. இல்லறம் நடத்தக் கோவலனின் தாய் அவர்களைத் தனியே குடியமர்த்துகின்றாள். மாடிமேல் நிலவொளியில் கோவலன் மனைவியின் அழகை நெடுநேரம் பாராட்டுகின்றான். அதற்குக் கண்ணகி ஒரு சொல்லும் மறுமொழியாகக் கூறியதாக இளங்கோ காட்டவில்லை. செல்வமும் ஏவலரும் சூழ்ந்த அம்மனையில் அவள் பாராட்டப்படுபவளாகவே இருக்கின்றாள். உரையாடலில் பங்கு பெறுபவளாக இல்லை.

மாதவியைப் பிரிந்து கோவலன் மீண்டு வரும்போது, முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்த நாணத்தைச் சொல்கின்றான். மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றி வருந்துகின்றான் போலும் எனக் கருதிய கண்ணகி, முகத்தில் முறுவலைக் காட்டிச் சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்கின்றாள். அம்முறுவல் துயரை மறைக்க அணிந்த முறுவல். கோவலனோ அச்சிலம்பைக் கொண்டு மதுரையில் புதுவாழ்வு தேட எண்ணி அவளையும் உடன் அழைக்கின்றான். பொழுது புலர்வதற்கு முன்பே, பெற்றோரும் அறியாமல், இருவரும் வாயிலைக் கடக்கின்றனர். ஏவலர் இல்லை, வண்டி இல்லை. மணிவண்ணன் கோட்டத்தையும் பௌத்தப் பள்ளிகளையும் அருகர் வழிபாட்டிடத்தையும் வணங்கி நகரெல்லையை நீங்கிக் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடக்கின்றனர்.

முப்பது காதம்

ஒரு காவத தொலைவு நடந்ததும் கண்ணகியின் கால் தளர்கின்றது; மூச்சு இளைக்கின்றது. அப்போது அவள் கணவனிடம் வினவுகின்றாள்: மதுரை என்னும் பழைய ஊர் எங்கே உள்ளது? பயணத்தில் அவள் பேசும் முதல் மொழி இவ்வினாவே. மாடத்தில் நெடும்பாராட்டைக் கேட்டு வாளாவிருந்தவள் வழியில் வினாத் தொடுக்கின்றாள். கோவலன் முப்பது காதம் என்கின்றான். ஆனால் அதனை முழுமையாக உணர்த்தாத வகையில் எண்ணைப் பிரித்துக் கூறி, அண்மையில்தான் உள்ளது என்று நகைக்கின்றான். உள்ளே கண்ணீர் கரந்து வெளியே எழுந்த நகை அது. குழந்தைக்கு வழித்தொலைவைக் குறைத்துச் சொல்லும் தந்தையின் பரிவு அதில் உண்டு. தன்னால் நேர்ந்த துன்பம் இது என்னும் குற்றவுணர்வும் உண்டு.

காதத்தின் அளவு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் வழியை இன்றைய நிலப்படத்தில் வைத்துப் பார்க்கலாம். பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சை வழியே திருச்சி ஏறத்தாழ 155 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை ஏறத்தாழ 135 கிலோமீட்டர். ஆக 290 கிலோமீட்டர் அளவாகின்றது. இதனை முப்பதால் வகுத்தால் காதம் ஒன்று பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகின்றது. சிலம்பு கூறும் தொலைவு வெறுங்கற்பனையன்று என்பது இதனால் விளங்கும். கரந்தைப் புலவர் சி. கோவிந்தராசனார் இவ்வுண்மையில் நம்பிக்கை வைத்துக் காப்பியம் காட்டும் வழியையே பின்பற்றிக் கள ஆய்வு செய்தார். 1963ஆம் ஆண்டில் கூடலூர்ப் பகுதியின் மலைமேலுள்ள மங்கலதேவி கோட்டத்தைக் கண்ணகிக் கோட்டமென அடையாளங்காட்டினார்.

இம்முப்பது காதத்தை அவர்கள் விரைந்து கடக்கவில்லை. நடக்கும் நாளில் ஒரு காவதத்திற்கு மேல் நடவாமல், இடையிடையே பல நாள் தங்கி, சோழநாட்டைக் கடந்து அரங்கத்தை அடைந்தனர் என்கின்றார் அடிகள். தங்குவதற்கு மாளிகை கிடையாது. சோலையும் ஊர்ப்புறமுமே தங்கிடம். பொருளிழந்து பிழைப்புத் தேடிச் செல்வோர் இத்தனை மெல்ல நடப்பானேன்? கண்ணகியின் மெல்லடி ஒரு காரணம். கவிஞரின் உள்ளம் மற்றொரு காரணம் எனலாம். மதுரையில் காத்திருப்பது கொலை என்பதை அறிந்தவர் அவர். சேர்விடத்தின் கொடுமையை அறிந்த கவிஞர் வழியை நீட்டிக்கொண்டே செல்கின்றார்.

குழியும் நண்டும்

முதற்காவதத்தின் முடிவில் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி அவர்களோடு சேர்கின்றார். அறங்கேட்க மதுரை செல்லும் எண்ணம் அவருக்கும் உண்டு. அவர் உடன்வருவதால் மனைவியைப் பற்றிய கவலை நீங்கியது எனக் கோவலன் மகிழ்கின்றான். அடிகளோ வழியின் இடர்களை எடுத்துரைக்கின்றார். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும். பூவென்று மிதித்தால் கால் இடறும். பலாப்பழங்கள் தாழத் தொங்கி முட்டும். மஞ்சளும் இஞ்சியும் விளைந்த நிலத்தில் பலாக்கொட்டைகள் பரல்கள்போல் உறுத்தும். வயல் வழியே சென்றால், நீர்நாய் மீனைக் கவ்வ மீன் துள்ளும், கண்ணகி திடுக்கிடுவாள். வேட்கை மிக்குக் குளத்துநீரை அள்ளினால் கரும்பிலிருந்து சிந்திய தேன் கலந்திருக்கும். வரப்பில் நடக்கும்போது நண்டும் நத்தையும் கோவலன் காலடியில் அறியாது நசுங்கக்கூடும்.

உயிர்க்கொலை அஞ்சும் சமண அறம் இவ்வறிவுரையில் வெளிப்படுகின்றது என உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் விளக்குவர். அது உண்மையே. அதனோடு மற்றொன்றும் நோக்கத்தக்கது. மருதநிலத்தின் வளத்தைப் பாட எத்தனையோ வழியுண்டு. இளங்கோ அவ்வளத்தை இருவரின் காலடிகளோடு பிணைத்துப் பாடுகின்றார். மலர் அழகியது, ஆயின் அவள் கால் இடறும். மீன் கொழுத்தது, ஆயின் அவள் அஞ்சுவாள். நிலம் முழுவதும் அவ்விருவர் பொருட்டே கண்ணுறப்படுகின்றது. உடன்வருபவரின் அடியை எண்ணி நடப்பவருக்கே வழியிலுள்ள குழி தெரியும். இதனை நினைவிற்கொள்ள வேண்டுகின்றது இவ்வுரை. பின்னர் இது தேவைப்படும்.

நடக்கும்போது உழவரின் பாட்டு கேட்கின்றது. முதல் ஏர் பூட்டுவோர் பாடும் ஏர்மங்கலம், நெல்லை முகந்து அளப்போர் பாடும் முகவைப்பாட்டு, மதகில் காவிரி எழுப்பும் ஓசை ஆகியன வழியெங்கும் ஒலிக்கின்றன. புகாரில் யாழிசை கேட்டுப் பழகிய செவிகள் சேற்றுநிலத்து மக்களின் பாட்டைக் கேட்பது இப்பயணத்தில்தான்.

நரியான இருவர்

அரங்கத்தில் ஓடமேறிக் காவிரியின் தென்கரையை அடைந்தபின் ஒரு நிகழ்ச்சி. அங்கு வந்த பரத்தை ஒருத்தியும் பயனில்சொல் பேசும் ஒருவனும் இவர்கள் யாவர் எனக் கேட்கின்றனர். என் மக்கள் என்கின்றார் கவுந்தி. உடன்பிறந்தார் கணவனும் மனைவியுமாய் வாழ்வதுண்டோ என அவர்கள் எள்ளுகின்றனர். கண்ணகி செவியைப் பொத்தி நடுங்குகின்றாள். சினந்த துறவி அவ்விருவரையும் நரிகளாகுமாறு சபிக்கின்றார்.

அடுத்து நிகழ்வது பெரிதும் கவனிக்கத்தக்கது. நரியின் ஊளையைக் கேட்டுக் கோவலனும் கண்ணகியும் ஒருங்கே நடுங்கி, ஒருங்கே வேண்டுகின்றனர். நெறி தவறியோர் பேசிய இழிசொல்லை அறியாமை என்றே கொள்ள வேண்டும். இவர்களுக்கு விடுதலை எப்போது எனக் கேட்கின்றனர். கவுந்தி மனமிரங்கிப் பன்னிரண்டு திங்கள் எல்லை வகுக்கின்றார். தம்மை இழிவு செய்தவர்க்காகக் கணவனும் மனைவியும் ஒரு குரலாய் இரந்து நின்ற இடம் இது. பின்னாளில் மதுரையை எரியூட்டும் கண்ணகியை மட்டும் அறிந்தோர் இக்கண்ணகியையும் அறிதல் வேண்டும். துணையோடு இருந்தபோது அவள் வேண்டியது மன்னிப்பு. துணையைப் பறித்த பின்னரே அவள் வாயில் சாபம் எழுந்தது.

பாலையில் ஒரு தாமரையிலை

உறையூரை நீங்கித் தெற்கே செல்கையில் மாங்காட்டு மறையோன் எதிர்ப்படுகின்றான். கொடும்பையை அடுத்து வழி மூன்றாகப் பிரியும் என்கின்றான். கொடும்பை என்பது புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் என்பர். மூவர் கோயிலால் புகழ்பெற்ற ஊர். வலப்புற வழி சிறுமலைப் பக்கமாகவும் இடப்புற வழி அழகர்மலைப் பக்கமாகவும் செல்லும். இடைப்பட்ட வழி செவ்வியது, ஆயின் அங்கே கானுறை தெய்வம் ஒன்று மயக்கும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்னும் புகழ்பெற்ற விளக்கம் அம்மறையோன் வாயில்தான் வருகின்றது. வளமான நிலமே பாலையாகும் என்றால், வளமான இல்லறமும் பாலையாகக்கூடும் என்பதை அங்கே சொல்லாமற் சொல்லுகின்றார் அடிகள். அழகர்மலைப் பொய்கைகளில் மூழ்கினால் வியத்தகு பேறுகள் கிட்டும் என்பதைக் கவுந்தி ஏற்கவில்லை. மூவரும் இடைவழியே செல்கின்றனர்.

நீர்வேட்கை மிகக் கோவலன் தனியே பொய்கைக்கரை செல்கின்றான். அங்கே கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் உருக்கொண்டு வந்து, பொய்யுரை கூறி மயக்க முயல்கின்றது. புகாரில் மாதவியின் மடல் கொணர்ந்த முகம் அது. பழைய வாழ்வு வழியை மறித்து நிற்கின்றது. கோவலன் ஐயுற்று மந்திரத்தை ஓத, தெய்வம் உண்மையுரைத்து, இதனை உம்மனைவிக்கும் அத்துறவிக்கும் சொல்லற்க என வேண்டி மறைகின்றது. அவனோ தாமரையிலையில் நீரேந்தி வந்து கண்ணகியின் வாட்டத்தைத் தீர்க்கின்றான். புகாரில் குலத்தார் தேடிய குன்றம்போன்ற செல்வத்தை எங்கோ கொண்டுபோய்க் கொட்டியவன், இங்கே இலையளவு நீரைச் சிந்தாமல் மனைவிக்குக் கொண்டு வருகின்றான். கோவலன் திருந்தினான் என அறிவிக்கும் சொல் அங்கே இல்லை. அந்த இலையே போதுமானது.

வெயில் ஏறவே அருகிலுள்ள ஐயை கோட்டத்தில் தங்குகின்றனர். எயினர் கொற்றவையை வழிபடும் அவ்விடத்தில் தெய்வமேறிய சாலினி, கண்ணகியைச் சுட்டிப் பலவாறு புகழ்கின்றாள். மூதறிவுடையவள் மயங்கிப் பேசுகின்றாள் எனக் கூறிக் கண்ணகி கணவனின் முதுகுப்புறம் மறைந்து முறுவலிக்கின்றாள். சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொன்ன நாளில் தோன்றிய முறுவலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. முன்னது கணவன் காணவேண்டும் என அணிந்தது. பின்னது கணவன் காணாதவாறு அவன் பின்னால் மலர்ந்தது. கால் கொப்புளித்த களைப்பின் நடுவே, வேடர் குடியிருப்பின் ஓரத்தில், அவள் உள்ளம் மீண்டும் நாணவும் மகிழவும் கற்கின்றது.

நிலவில் நடந்தது

இனிப் பகலில் நடக்க இயலாது; இரவில் நிலவொளியில் நடப்போம் என்கின்றான் கோவலன். பாண்டியன் நாட்டில் விலங்குகளும் தீங்கு செய்யா என்பது அவன் கூறும் காரணம். ஆயினும் இருள் சூழ்ந்த காட்டில், புலி உலவும், ஆந்தை கூவும், கரடி உறுமும், நீ வருந்தாதே எனத் தேற்றி அவள் கையைத் தன் தோளில் தாங்கிக்கொள்கின்றான். அச்சமில்லை என்று துறவியிடம் கூறியவனே மனைவியிடம் அஞ்சாதே என்கின்றான். அவள் அஞ்சுவாள் என்பதை அறிந்தவன் அவன். கவுந்தி அறவுரைகளைக் கதைபோல் கூறிக்கொண்டு முன்செல்ல, மூவரும் நடக்கின்றனர். இத்தகைய அண்மையைப் புகார் மாளிகை அவர்களுக்கு அளித்ததாகக் காப்பியம் காட்டவில்லை.

விடிந்தபின் கௌசிகன் வழியே மாதவியின் மடல் வருகின்றது. மாதவி மேல் குற்றமில்லை, தன் மேலதே என உணரும் கோவலன், அம்மடலையே பெற்றோர்க்கு அனுப்பி வைக்கின்றான். வையையைப் புணையில் கடக்கின்றனர். பின்வருவதை அறிந்த அவ்வாறு மலர்ப் போர்வையால் கண்ணீரை மறைத்துச் சென்றது என்றும், மதிற்கொடிகள் வரவேண்டா எனக் கைகாட்டின என்றும் கவிஞர் தற்குறிப்பேற்றம் செய்கின்றார். வழி முழுவதும் அவர்களைத் தாங்கிய நிலம், வழி முடியும் இடத்தில் தடுக்க முயல்கின்றது.

ஆயர் சேரியில் எழுந்த சொல்

மாதரியின் மனையில் கண்ணகி சமைத்துப் படைக்கின்றாள். உண்டபின் கோவலன் அவளை அருகழைத்துப் பேசுகின்றான். பரல் நிறைந்த வெஞ்சுரத்தில் நடக்க இவ்வடிகள் எவ்வளவு துன்புற்றனவோ என வருந்துகின்றான். பயனற்ற கூட்டத்தோடு கூடிக் கெட்டதையும், பெற்றோர்க்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும், இளமையிலேயே அறிவு முதிர்ந்த அவளுக்கு இழைத்த தீங்கையும் ஒன்றுவிடாமல் சொல்கின்றான். புறப்படு என்றதும் புறப்பட்டாயே என நெகிழ்கின்றான்.

இம்முறை கண்ணகி வாளாவிருக்கவில்லை. அறவோர்க்கு அளித்தலும் துறவோரைப் பேணுதலும் விருந்தோம்பலும் ஆகிய இல்லறக் கடமைகளைத் தான் இழந்ததைக் கூறுகின்றாள். மாமனும் மாமியும் வந்தபோது துயரை மறைத்து முறுவலித்ததையும், அம்முறுவலே அவர்களைப் புண்படுத்தியதையும் கூறுகின்றாள். சான்றோர் விரும்பாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என நேர்முகமாகவே சொல்லிவிடுகின்றாள். பன்னிரண்டு வயதில் தொடங்கிய இல்லறத்தில் கணவனை நோக்கி அவள் கூறிய முதற்குறை இது. சினம் இதில் இல்லை. கணக்குத் தீர்க்கும் நேர்மை உண்டு.

மாளிகையில் பேசாதவள் ஆயர் சேரியில் பேசுகின்றாள். இடையில் நிகழ்ந்தது முப்பது காதம் நடை மட்டுமே. ஊர் எங்கே எனக் கேட்ட வினா, நரியானோர்க்காக விடுத்த வேண்டுகோள், சாலினியின் சொல்லை மறுத்த நாணம், இறுதியில் இக்குறையுரை எனச் சொல் படிப்படியாக வலுப்பெறுகின்றது. பாண்டியன் அவையில் எழுந்த குரல் திடீரென வானிலிருந்து வந்ததன்று. அது வழியில் பயின்ற குரல். ஆதலின் இந்நான்கு பகுதிகளையும் இடைச்செருகிய வருணனை எனத் தள்ளுதல் பொருந்தாது. கண்ணகி என்னும் பாத்திரம் உருவாகும் இடம் இவ்வழியே ஆகும்.

ஒருத்தி நடந்த வழி

இதனை உறுதி செய்யும் சான்று கட்டுரை காதையில் உள்ளது. கோவலன் இறந்தபின், மதுரை எரிந்தபின், கண்ணகி நகரை விட்டு நீங்குகின்றாள். கணவனோடு புகுந்தது கீழை வாயில், தனியளாய் வெளியேறுவது மேலை வாயில் எனச் சொல்லிச் செல்கின்றாள். வையைக் கரையோடு மேற்கே நடந்து நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை நிழலில் நிற்கின்றாள். பதினான்காம் நாளில் கோவலன் வானவூர்தியில் வந்து அவளை அழைத்துச் செல்கின்றான்.

மதுரையிலிருந்து அம்மலைவரை உள்ள வழியும் நெடுவழியே. ஆயினும் அதனைச் சில அடிகளில் முடித்துவிடுகின்றார் இளங்கோ. ஊரின் பெயரில்லை, சோலையில்லை, உழவர் பாட்டில்லை, பகலென்றும் இரவென்றும் வேறுபாடில்லை. பள்ளத்தைப் பள்ளமென்றோ மேட்டை மேடென்றோ அவள் கருதவில்லை என்றே கூறுகின்றார். சண்பகப்பூ மூடிய குழியைக் கவுந்தி சுட்டிக்காட்டிய அந்த நாடுகாண் காதையை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடன்வர ஒருவர் இருந்தபோது பூமூடிய குழியும் தெரிந்தது. ஒருவரும் இல்லாதபோது வெளிப்படையான பள்ளமும் தெரியவில்லை. இருவர் நடந்த வழிக்கு நான்கு பகுதிகள். ஒருத்தி நடந்த வழிக்குச் சில அடிகள். இவ்வளவீட்டிலேயே கவிஞரின் கருத்து அடங்கியுள்ளது.

அன்று புறப்பட்ட மூவருள் எவரும் ஊர் திரும்பவில்லை. கோவலன் வெட்டுண்டான்; கண்ணகி மலையேறினாள்; செய்தி கேட்ட கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். எஞ்சியது வழி ஒன்றே.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இத்தென்புறநகர்ப் பகுதியில் வாழ்வோருள் பெரும்பாலோர் வேறூரிலிருந்து வந்தவர்களே. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் குடியேறிய குடும்பங்களுள், கடையை இழந்தோ நிலத்தை விற்றோ, மனைவியின் கழுத்திலும் காதிலும் இருந்ததை முதலாக்கிப் புறப்பட்டு வந்த இணையர் எத்தனை பேர்! 2020 மார்ச்சில் நாடு முழுவதும் பொதுமுடக்கம் அறிவிக்கப்பெற்றபோது, வண்டியின்றி, உணவின்றி, தொழிலாளர் குடும்பங்கள் நெடுஞ்சாலைகளில் பல நூறு கிலோமீட்டர் நடந்ததை நாடு கண்டது. கணவன் தோளில் குழந்தை, மனைவி தலையில் மூட்டை. அவர்கள் எவ்வூர் சேர்ந்தனர் என்பதைச் செய்தித்தாள்கள் எழுதின. வழியில் ஒருவரிடம் ஒருவர் என்ன பேசினர், யார் யாருக்கு நீர் கொணர்ந்தனர், எத்தனை காதம் என்பதை யார் யாருக்குக் குறைத்துச் சொன்னார் என்பவற்றை எழுத வேண்டியவர்கள் கவிஞர்களே.

புறப்பட்ட ஊரைப் பற்றிய ஏக்கக் கவிதைகள் தமிழில் நிரம்ப உண்டு. வந்துசேர்ந்த நகரின் மேல் சினங்கொண்ட கவிதைகளும் நிரம்ப உண்டு. இவ்வட்டத்தின் பத்தாண்டுப் படைப்புகளிலும் இவ்விரு வகையுமே மிகுதியாயிருத்தல் இயல்பு. இரண்டிற்கும் இடைப்பட்ட வழியைப் பாடியவை அரியவை. இளங்கோவடிகள் அதனைப் பாடினார். செல்வம் இழந்த இருவர், ஒருவர் காலடியை ஒருவர் நோக்கி நடந்தமையால் மீண்டும் கணவனும் மனைவியும் ஆனார்கள் என்பதைக் காட்டினார். அடுத்த முறை தாம்பரத்திலோ கிளாம்பாக்கத்திலோ இரவு வண்டிக்காகக் காத்திருக்கும் இணையரைக் காணும்போது, அவர்கள் எங்கே செல்கின்றனர் என்று மட்டும் எண்ணாமல், எப்படிச் செல்கின்றனர் என்பதையும் கவிஞர்கள் நோக்கல் வேண்டும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தில் அத்தகைய கவிதைகள் மலர்க.